என் மனைவியின் வரிசை

எட்டு மாதங்களாக நான் என் மனைவியின் வரிசையில் நிற்கவில்லை.

கிள்ளானில் எங்கள் கோயிலில், ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசையில் நன்மை கொடுக்க மூன்று பேர் நிற்பார்கள். நடுவில் பாதர். இடது பக்கம் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். வலது பக்கம் வெள்ளைச் சேலை கட்டி, முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு என் மனைவி. பூசையில் கொடுக்கும் அந்த மெல்லிய வெள்ளை அப்பத்தைத்தான் நாங்கள் நன்மை என்போம். அதில் ஆண்டவரே இருக்கிறார் என்பது எங்கள் விசுவாசம். நாங்கள் உட்காரும் பெஞ்சு வலது பக்கம். எழுந்து நடந்தால் நேராக அவள் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். என் மகளுக்கு ஒன்பது வயது, இன்னும் புதுநன்மை வாங்கவில்லை. அவள் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, ஆசீர் வாங்க அம்மா வரிசையில் போவாள். நான் மட்டும் தூணைச் சுற்றி, இரண்டு குடும்பங்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு தலைமையாசிரியர் வரிசைக்குப் போய்விடுவேன். யாராவது கேட்டால் அந்தப் பக்கம் காற்றாடி இருக்கிறது என்று சொல்லலாம் என வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

உண்மையான காரணம் பொறாமை. வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை.

நான் பிறவிக் கத்தோலிக்கன். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் வாங்கியவன். ஒன்பது வயதில் பீடத்தில் மணி அடித்தவன். பதினாறில் பாடகர் குழு. பெரிய வெள்ளிக்கு நாற்காலி அடுக்குவதென்றால் என்னைக் கூப்பிடுவார்கள், குடில் ஜோடிக்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவள் அப்படியில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருடம் வகுப்புக்குப் போய், படித்து, யோசித்து, பிறகுதான் ஞானஸ்நானம் வாங்கினாள். சிலுவை போடச் சொல்லிக்கொடுத்தவன் நான். கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் கம்யூட்டர் ரயிலுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம், அவள் வலது தோளை முதலில் தொட்டாள். "இடது முதல்ல" என்று சொல்லி அந்தக் கையைப் பிடித்து மாற்றி வைத்தேன். பன்னிரண்டு வருடம் கழித்து அந்தக் கையில் ஆண்டவர், என் கையில் சட்டி சுரண்டுகிற கம்பி.

இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். போன வருடம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பாதர் எங்கள் இருவரையும் அறைக்கு வரச் சொல்லியிருந்தார். நன்மை கொடுக்கவும், எழுந்து வர முடியாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே கொண்டுபோகவும் புதிதாக ஆள் தேடுகிறார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். அன்றைக்கு நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தது சும்மா இல்லை. "எனக்கு என்ன பாதர் தகுதி இருக்கு" என்று முதலில் கொஞ்சம் மறுக்க வேண்டும், பிறகு தலையைக் குனிந்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகையும் பார்த்துவிட்டேன். பாதர் என்னைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

"நீங்க செய்றீங்களாம்மா?"

அவள் திகைத்துப்போய், "நானா பாதர்? இவர்தான்..." என்று என்னைக் காட்டினாள். பிறகு, "எனக்கு வேலை, பாப்பா, வீடு..." என்று இழுத்தாள்.

"வீட்டத்தான் சார் பாத்துக்கிறாரே" என்றார் பாதர். என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே சார்?" என்று கேட்டார்.

"எனக்கென்ன பாதர், சந்தோஷம்தான்."

அன்று அசடு வழியச் சிரித்தது இன்னும் கன்னத்தில் வலிக்கிறது. கோயில் வாசலில் ஒவ்வொருவராக வந்து, "கொடுத்து வச்சவர்லா நீங்க" என்று என் கையைக் குலுக்கினார்கள்.

வீட்டை நான் பார்த்துக்கொள்வது உண்மைதான். அவளுக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் வேலை. காலை ஆறு மணிக்கெல்லாம் கம்யூட்டர் ஏறப் போய்விடுவாள், திரும்ப ஏழாகும். எனக்கு போர்ட் கிள்ளானில் குடோன் வேலை, ராத்திரி எட்டிலிருந்து விடியற்காலை நான்கு வரை ஷிஃப்ட். அதனால் மகள் பிறந்த நாளிலிருந்து பகல் முழுக்க வீடு என் பொறுப்பு. குளிப்பாட்டியது, பால் கலக்கியது, பீத்துணி அலசியது எல்லாம் நான். இப்போதும் சமையல் நான், துணி நான், மகளின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவி வெயிலில் நிறுத்தி வைப்பதும் நான். முன்பெல்லாம் அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. அவள் வெள்ளைச் சேலை கட்டியதிலிருந்துதான் ஒவ்வொரு தட்டும் கனத்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் கோயிலில் ஒரு கணவனும் மனைவியும் வந்து குடும்பங்களுக்குப் பேசினார்கள். "பாத்திரம் கழுவுறதையும் ஜெபமா ஒப்புக்கொடுங்க, உங்க சமையல்கட்டே பீடமாயிரும்" என்றார்கள். அவர்கள் வீட்டில் வேலை செய்ய இந்தோனேசியாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் முயற்சி செய்து பார்த்தேன். ஒரு தட்டுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் என்று வைத்துக்கொண்டேன். முதல் தட்டு ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதில் வாய் ஜெபித்தது, மனம் வேறெங்கோ போனது. மூன்றாவதில் பார்த்தால் பாதரோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன், அதுவும் சத்தமாக. அதற்குள் இக்கான் பிலிஸ் கருவாடு வதக்கிய சட்டி அடிப்பிடித்துக் கிடந்தது. அதைச் சுரண்டும்போது ஆண்டவர் பெயரைச் சொன்னேன்தான், ஆனால் அதை ஜெபம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சனிக்கிழமைகளில் அந்த வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போடுவதும் என் வேலையாகிவிட்டது. ஒரு வாரம் வேண்டுமென்றே, முதுகுப் பக்கம் வரும் இடத்தில் ஒரு சுருக்கத்தை அப்படியே விட்டேன். சின்னச் சுருக்கம் இல்லை, கை அகலத்துக்கு. மறுநாள் பூசை முழுக்க அந்தச் சுருக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வேறு யாரும் கவனிக்கவில்லை. "அம்மா அழகா இருக்காங்கப்பா" என்று மகள் மட்டும் என் காதில் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதையெல்லாம்விடக் கொடுமை காடிப் பயணம். அவளுக்குக் காடி ஓட்டத் தெரியாது. பூசை முடிந்து மகள் மறைக்கல்வி வகுப்பில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள், நான்தான் அவளை நோயாளிகள் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். கழுத்தில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கும். அதற்குள் வட்டமான ஒரு சிமிழ், சிமிழுக்குள் நன்மை. அதைக் கொண்டுபோகிறவர் வழியில் வம்பு பேசக் கூடாது, கடையில் நிற்கக் கூடாது, நேராகப் போக வேண்டும். அவள் சிமிழின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். ரேடியோ போட முடியாது. முன்னால் குறுக்கே வரும் லோரிக்காரனைத் திட்ட முடியாது. அவளிடம் சண்டை போடவும் முடியாது. ஆண்டவர் பக்கத்து சீட்டில் இருக்கும்போது என்ன பேசுவது? பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவேன். எல்லா வீட்டுக்கும் கொடுத்து முடித்து, சிமிழ் காலியானதும் திரும்பி வரும்போதுதான் பேசலாம். அதற்குள் எனக்குப் பேச்சு செத்துப்போயிருக்கும். அவள் மேலே போய் வரும்வரை நான் காடியிலேயே உட்கார்ந்திருப்பேன். "நீங்களும் வாங்க" என்று ஆரம்பத்தில் கூப்பிட்டாள். "டிரைவர் எதுக்கு?" என்றேன். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

ஒரு ஞாயிறு, கடைசி வீடு போர்ட் கிள்ளான் பக்கம், ஒரு பழைய ஃபிளாட்டில் நான்காவது மாடி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒரு பெரியவர், ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்து படுத்த படுக்கை. வீட்டில் அவரும் அவர் மனைவியும் மட்டும். இவள் மேலே போய் ஐந்து நிமிடத்தில் என் போன் அடித்தது.

"என்னங்க, கொஞ்சம் மேல வாங்க."

குரல் சரியாக இல்லை. நான்கு மாடியும் ஏறிப் போனேன். கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. பெரியவர் படுக்கையிலேயே வெளிக்குப் போயிருந்தார். முதுகு வரைக்கும் ஏறியிருந்தது. ஆன்டி ஒடிந்து விழுகிற மாதிரி ஓர் ஆள், அவரால் தனியாகப் புருஷனைப் புரட்ட முடியாது. வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு வேணாம்மா. இந்த நெலமைல அவரு சாமிய வாங்கக் கூடாது. கோயிலுக்கே திருப்பிக் கொண்டு போயிருங்க."

"கொஞ்சம் இருங்க ஆன்டி. இவரு வந்துட்டாருல்ல" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி, சிமிழைக் கையால் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இங்கேயும் இப்படித்தானா? ஆண்டவரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் சுவரைப் பார்த்து நிற்பாள், பீ அள்ளுவதற்கு மட்டும் நான் நான்கு மாடி ஏறி வர வேண்டும். ஆனால் பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணியிருந்தது, கண் மட்டும் நன்றாக இருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. நான் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டேன்.

கைகளுக்கு வேலை தெரியும். வெந்நீர், வாளி, இரண்டு துண்டு கேட்டேன். அழுக்குப் படுக்கை விரிப்பை எடுக்காமல், ஒரு பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து அவர் முதுகுக்கடியில் வைத்தேன். முதுகைத் துடைத்துவிட்டு, நல்ல விரிப்பை அதன் பக்கத்தில் பாதி விரித்தேன். பிறகு அவரை மெதுவாக என் பக்கம் புரட்டி, அழுக்கை அந்தப் பக்கமாக உருவினேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பழகிய வித்தை, இவர் எடை மட்டும்தான் அதிகம். "கொஞ்சம் சூடா இருக்கும் அங்கிள்... அவ்வளவுதான்... இப்ப இந்தப் பக்கம்" என்று வாய் தன்னால் பேசிக்கொண்டிருந்தது. மடிப்புகளிலெல்லாம் துடைத்து, ஈரம் போக ஒற்றி, பவுடர் போட்டு, சட்டை மாற்றினேன். தலையையும் சீவிவிட்டேன், அது யாரும் சொல்லாமலே. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் மட்டும் எனக்கு யார்மேலும் பொறாமை இல்லை. அதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை.

பிறகு அவள் திரும்பினாள். ஜெபம் சொல்லி, சிமிழைத் திறந்து, சின்னத் துண்டாகக் கிள்ளி, "கிறிஸ்துவின் திரு உடல்" என்று அவர் நாவில் வைத்தாள். ஆமென் என்பதற்குப் பதிலாக அவர் வாயிலிருந்து ஏதோ ஓர் ஒலிதான் வந்தது. ஆனால் அந்த முகம்! என்னிடம் கண்ணை மூடிக்கொண்ட அதே முகம் அவளைப் பார்த்து அப்படியே விரிந்தது. பாதி உதடுதான் சிரித்தது, அதுவே போதுமாயிருந்தது. வாளியோடு வாசற்படியில் நின்று அதைப் பார்த்தேன். போயிருந்த பொறாமை முழுசாகத் திரும்பி வந்தது.

காடியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வெடித்தேன். சிமிழ் காலி, இனிப் பேசலாம்.

"அழுக்கையெல்லாம் என்கிட்ட காட்டுறாரு. சிரிப்ப ஒன்கிட்ட காட்டுறாரு. எங்க போனாலும் இதான் எனக்கு. எட்டு மாசமா நான் என்ன உன் வேலைக்காரனா?"

துறைமுகத்துக்குப் போகிற லோரிகள் வரிசையாகக் கடந்துகொண்டிருந்தன. நான் காடியைக் கிளப்பவில்லை.

"நான் ஏன் சுவத்தப் பாத்து நின்னேன் தெரியுமா?" என்றாள்.

"அவரு வெக்கப்படுவாருன்னு."

"இல்லங்க. எனக்குக் குமட்டுச்சு. சாமியக் கழுத்துல வச்சுக்கிட்டு எனக்குக் குமட்டுது. என்னால அவரத் தொடவே முடியல. தொட்டிருந்தா வாந்தி எடுத்திருப்பேன்." காலிச் சிமிழைப் பையோடு சேர்த்து மடியில் வைத்தாள். "நீங்க பாப்பாவக் கழுவுற மாரி கழுவுறீங்க. தல வேற சீவி விடுறீங்க. எனக்கு எவ்வளவு பொறாமையா இருந்துச்சு தெரியுமா?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பொறாமை என்பது என்னுடைய சொல். அதை அவள் எடுத்துச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்னா நான்தான் பக்கத்துல உக்காந்திருக்கேன். 'அப்பா எப்ப வருவாங்க'ன்னு கேக்குறா. என் கை குளுருதாம், உங்க கைதான் நல்லாருக்காம். பெத்தவ நான். எந்தத் துணி எந்த அலமாரில இருக்குன்னுகூட எனக்குத் தெரியல. எங்க வீட்டுக்குள்ளயே நான் விருந்தாளி மாரி இருக்கேன். பாதர் கூப்பிட்டப்ப ஏன் சரின்னு சொன்னேன்? ஒரு எடத்துலயாவது எனக்குன்னு ஒரு வேல இருக்கட்டுமேன்னுதான்."

"இத ஏன் முன்னயே சொல்லல?"

"நீங்க எங்க நின்னீங்க, சொல்றதுக்கு? நான் நன்மை கொடுக்க நின்ன மொத நாள்லருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பாப்பா என்கிட்ட வரா, நீங்க தூண் பக்கம் போறீங்க. ஊருக்கெல்லாம் கொடுக்குறேன். என் புருஷன் என் கையால வாங்க மாட்டேங்கிறாரு."

காற்றாடிக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன், எனக்கே கேவலமாக இருந்தது. காடியைக் கிளப்பினேன். மகளை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு அவளே சமைக்கிறேன் என்றாள். உப்பு எங்கே என்று இரண்டு முறை கேட்டாள். மிளகாய்த்தூள் டப்பாவைத் தானே கண்டுபிடித்துவிட்டதற்கு எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுப்படி என்னுடையது என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு. சேலையில் சுருக்கம் இல்லை. இஸ்திரிப் பெட்டியை அவளுக்கு விட்டுக்கொடுக்காமல் நானே போட்டேன். பூசையில் நன்மை நேரம் வந்தது. மகள் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு முன்னால் போனாள். நான் எழுந்தேன், வழக்கம்போல் கால் தூண் பக்கம்தான் திரும்பியது. திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அங்கே வெள்ளையாய், நிமிர்ந்து, எல்லார் முன்னாலும் நிற்கிற அவளைப் பார்த்ததும் மறுபடியும் அதே எரிச்சல். அங்கே நின்றிருக்க வேண்டியவன் நான் என்ற எண்ணம் போகவே இல்லை, இன்றைக்கும் போகவில்லை. ஆனால் "என் புருஷன் என் கையால வாங்க மாட்டேங்கிறாரு" என்று அவள் சொன்னது அதைவிடச் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மகளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

முன்னால் நான்கு பேர். மூன்று பேர். மகளின் தலையில் கை வைத்து அவள் ஆசீர்வதித்தாள். பிறகு நான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் வருவேன் என்று எதிர்பார்க்கவில்லை. கிண்ணத்திலிருந்து நன்மையை எடுத்து, என் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். நூறு பேருக்குத் தடுமாறாமல் சொன்ன வார்த்தை அவளுக்கு வரவில்லை. பன்னிரண்டு வருடமாக என் முகத்தைப் பார்த்தால் அவள் வாயில் முதலில் வருவது எதுவோ, அதுதான் வந்தது.

"என்னங்க..."

"ம்" என்றேன் நான்.

கையும் நீண்டுவிட்டது, வாளி வாங்கவோ, மார்க்கெட் பை வாங்கவோ நீளுகிற மாதிரி. பின்னால் யாரோ இருமினார்கள். அவள் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு சொல்லாக, "கிறிஸ்துவின் திரு உடல்" என்றாள். "ஆமென்" என்றேன். உள்ளங்கையில் வைத்தாள். அவள் விரல் உண்மையிலேயே குளிர்ந்துதான் இருந்தது.

பெஞ்சுக்கு வந்து முழந்தாளிட்டேன். மகள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு என் காதுக்குள் கேட்டாள்.

"அம்மா ஒங்ககிட்ட என்னமோ சொன்னாங்களேப்பா, என்ன?"

"கூப்டாங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு இன்னும் சொல்லல" என்றேன்.